பூனைக்குட்டியின் இடது காது

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும், புத்தகத்தில் இருக்கிற மாதிரி சரிபண்ணி எழுது என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். அதைச் சரிபண்ண வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

டெல்லியில் எங்கள் கிட்வாய் நகர் பிளாக்கிலேயே இன்னொருவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. அவர் வீட்டம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு எப்படி இருந்துச்சு, எப்படி எழுந்தீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்லி முடித்ததும், இதை நாலு பேருக்குச் சொல்லலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

எனக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். டெல்லிக்குக் கட்டட வேலைக்கு வந்தேன். செங்கல் தூக்கித் தூக்கி முதுகு போனதும் தள்ளுவண்டி வாங்கிக் காய் விற்க ஆரம்பித்தேன். முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, வாழைப்பூ, இதெல்லாம் அந்தக் காலத்தில் டெல்லியில் எல்லா வண்டியிலும் கிடைக்காது. நம் ஊர்க்காரர் வீடுகளைத் தேடிப் போவேன். எந்த வீட்டில் பாகற்காய் வாங்குவார்கள், எந்த வீட்டில் அதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். வீட்டு எண் தெரியாது. காய்தான் அடையாளம். மகன் முருகேசன் ஒரு சர்க்கார் ஆபீசில் டிரைவர் வேலைக்குப் போய், குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு, "போதும்ப்பா, வண்டிய வித்துடு" என்றான். விற்றேன்.

அதற்கப்புறம் எனக்கு மிச்சமிருந்தது ஒரே வேலை. பேத்தி பூஜாவை நர்சரிக்குக் கூட்டிப் போவது. பெரிய ரோட்டைத் தாண்டினால் நர்சரி. வண்டி தள்ளின கைக்கு அவள் கை பஞ்சு மாதிரி இருக்கும். வழியெல்லாம் பாதி இந்தியும் பாதித் தமிழுமாகப் பேசிக்கொண்டே வருவாள். சில சொல் எனக்குப் புரியாது, சில சொல் அவளுக்குப் புரியாது. ஆனாலும் எங்கள் பேச்சு நின்றதில்லை.

பனி மூடியிருந்த ஒரு ஜனவரிக் காலை. பால் பூத் வரிசையில் தூக்குச் சட்டியில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். காலடியில் பால் ஓடுகிறது. "பாபா, தூத் கிர் கயா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். பால் கொட்டிவிட்டதாம். "யாரோடது?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் சட்டிதான். இடது கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. ஓர் அடி வைத்தேன். கால் வரவில்லை. அப்படியே பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். சிடி ஸ்கேன் என்று பெயர். வலிக்காது, மாவு மில் மாதிரி சத்தம் போடும், அவ்வளவுதான். ஆனால் அசையாமல் படுக்கச் சொன்னதும்தான் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. டாக்டர் முருகேசனிடம் சொன்னதை அவன் எனக்கு இப்படிச் சொன்னான்: மூளையின் வலது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதே, அந்த மாதிரி. மூளையின் வலது பக்கம்தான் உடம்பின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறதாம். யார் இப்படி மாற்றி வைத்தார்களோ.

கை கால் விழுந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்த இன்னொன்று யாருக்கும் தெரியாதது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

வார்டில் கண் விழித்துப் பார்த்தால் பெட்டில் என் பக்கத்தில் ஒரு கை கிடந்தது. யாரோ பக்கத்தில் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "யாரும்மா கைய இங்க போட்டிருக்கறது? எடுக்கச் சொல்லு" என்றேன்.

செல்வி குனிந்து பார்த்தாள். "மாமா, அது உங்க கைதான்."

"என் கை இங்க இருக்குது" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து, மேலே தட்டிக்கொடுத்தாள். யார் கையையோ இவள் ஏன் இப்படிச் சீராட்டுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

எனக்கு வலது பக்கம் ஜன்னல். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அடிக்கடி கூப்பிடுவார்கள். "மத்ராசி பாபா! சாய் பியோகே?" டீ வேண்டுமா என்று கேட்கிறார்கள். நான் ஜன்னலைப் பார்த்து, "நஹி ஜி" என்று பதில் சொல்வேன். மறுபடி, "நாராஸ் ஹோ க்யா?" என்மேல் கோபமா என்று குரல் கேட்கும். நான் ஜன்னலுக்குக் கும்பிடு போட்டு, அதெல்லாம் இல்லை என்பேன். என் இடது பக்கத்தில் ஒரு பெட் இருந்ததும், அதில் ஒரு சர்தார்ஜி படுத்திருந்ததும், அந்தக் குரல் அவருடையது என்பதும் எனக்குத் தெரியாது. அவர் தன் வீட்டம்மாவிடம், "இந்த மத்ராசிக்கு ரொம்பத் திமிர், பேசினா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஜன்னலோட பேசறான்" என்று சொல்லியிருக்கிறார். பிற்பாடு அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கும் தலையில்தான் அடைப்பு. ஆனால் பேச்சு மட்டும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். செல்வி வீட்டிலிருந்து டிபன் கேரியரில் கொண்டுவந்து தட்டில் போடுவாள். ஒருநாள் முருகேசன் பக்கத்தில் இருந்தான்.

"டேய், உன் பொண்டாட்டி எனக்கு வெறும் சோறும் கொழம்பும்தான்டா போடறா. ஒரு பொரியல் கெடயாது, ஊறுகா கெடயாது. படுத்துட்டா இவ்ளோதான் மரியாதை."

"என்னப்பா சொல்றீங்க, பொரியல் அங்கயே..." என்று அவன் ஆரம்பித்தான். அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"இந்தாங்க மாமா, மறந்துட்டேன். இப்ப வெச்சுட்டேன்" என்றாள் செல்வி. பார்த்தேன். பீன்ஸ் பொரியல் இருந்தது, எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. "கேட்டாதான் வைப்பியா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

அவள் ஒன்றும் புதிதாக வைக்கவில்லை. தட்டைத் திருப்பியிருக்கிறாள், அவ்வளவுதான். வேளாவேளைக்குப் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் திருப்பியிருக்கிறாள். நான் வேளாவேளைக்குத் திட்டியிருக்கிறேன். இந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் எதுக்கு மாமா?" என்கிறாள். எழுதும்மா. இதுக்குத்தான் இந்தக் கதையே.

தெரபி மேடம் ஒரு பஞ்சாபிப் பெண். ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் மார்க்கெட் குரல். கை காலைப் பழக்குவது அவள் வேலை. வந்தவள் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்து, டப்பாவில் மெழுகுக் கலர்களைக் கொட்டினாள். காகிதத்தில் ஒரு பூனைக்குட்டி. நேராக நம்மைப் பார்க்கிற மூஞ்சி, கழுத்தில் ரிப்பன், கனத்த கோட்டில் போட்டது. எங்கள் பூஜாவுக்கு நர்சரியில் கொடுப்பார்களே, அதே மாதிரி.

"பாபாஜி, இஸ்மே ரங் பரோ" என்றாள். கலர் அடிக்கணுமாம்.

"பேட்டி, மே பச்சா ஹூம் க்யா?" நான் என்ன குழந்தையா என்று கேட்டேன். வாழ்க்கையில் பென்சில் பிடிக்காதவன். எழுபது வயசுக்கு மேல் பூனைக்குட்டியா?

"பச்சே தோ அச்சா கர்த்தே ஹே" என்று சீண்டினாள். குழந்தைகள் நன்றாகவே செய்வார்களாம், நீங்கள் செய்யுங்கள் பார்க்கலாம் என்கிறாள்.

ரோஷம் வந்துவிட்டது. கலர்களைப் பார்த்தேன். எனக்குக் கலர் பெயர் எல்லாம் காய்தான். கத்தரிக்காய்க் கலரை எடுத்து மூஞ்சிக்கு அடித்தேன். காதுக்குக் காரட். ரிப்பனுக்குப் பாகற்காய்ப் பச்சை. கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போயிற்று, இருந்தாலும் முதல் தடவைக்கு மோசமில்லை. "ஹோ கயா", முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

"பூரா?" என்றாள். முழுசா முடிந்ததா?

"பூரா."

"பக்கா?"

"பக்கா. என்ன குறை?"

அவள் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி என் முன்னால் வைத்தாள். பார்த்தால் வெள்ளைப் பூனை. ஒரு காது வெள்ளை, ஒரு கண் வெள்ளை, மீசை வெள்ளை.

"வேற காகிதத்த வெச்சிட்டே!" என்று சத்தம் போட்டேன். வார்டே திரும்பிப் பார்த்ததாம்.

அவள் கோபப்படவில்லை. மெதுவாக, என் கண் முன்னாலேயே, காகிதத்தைச் சுற்றினாள். கத்தரிக்காய்ப் பூனை வந்தது. மறுபடி சுற்றினாள். வெள்ளைப் பூனை வந்தது. ஒரே பூனைதான். மூக்குக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி பாதிக்குக் கலர் அடித்திருக்கிறேன். மீதிப் பாதி எனக்கு இல்லவே இல்லை.

பயம் என்றால் அன்றைக்குத்தான் பயம். கை விழுந்தபோது இவ்வளவு பயப்படவில்லை. குருடனுக்குத் தனக்குத் தெரியவில்லை என்பது தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லையே! இந்தப் பூனையில் பாதி போனது என்றால் இந்த ரூமில் எவ்வளவு போச்சு, தட்டில் எவ்வளவு போச்சு, ரோட்டில் எவ்வளவு போகும்? "செல்வி, நீ தட்டத் திருப்பினியா?" என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அழுதுவிட்டேன்.

டாக்டர் வந்து விளக்கினார். கண்ணில் பழுதில்லை. கண் பார்க்கிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நெக்லெக்ட் என்று அதற்குப் பெயராம். பலருக்கு நாளாக ஆகக் குறையும், பழக்கினால் இன்னும் குறையும் என்றார். முருகேசன், "அப்பா பாப்பாவ ஸ்கூலுக்குக் கூட்டிப் போகலாமா சார்?" என்று எனக்காகக் கேட்டான்.

டாக்டர் மேஜைமேல் இருந்த பூனையைப் பார்த்தார். "இப்போதைக்கு ரோடு தாண்டவே கூடாது. முதல்ல பூனைக்கு ரெண்டு காதும் வரட்டும்" என்றார்.

அதன்பிறகு பூனைக்குட்டியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெரபி மேடம் காகிதத்தின் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். முதலில் அந்த லால் லைனைத் தேடு, கண்டுபிடித்த பிறகு கலர் அடி. இதுதான் மருந்து. கோட்டைத் தேடித் தேடித் தலையைத் திருப்பினால் மூளைக்கு அந்தப் பக்கம் பழகுமாம். அவள் நின்றுகொண்டு, "லால் லைன், பாபாஜி!" என்று கத்தினால் தேடுவேன். அவள் போனதும் மறந்துவிடும். கோட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? எத்தனையோ பூனைகள் பாதிப் பூனையாகவே போயின.

செல்வி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மேடம் வருவதற்கு முன்னால், புதுக் காகிதத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கலரால் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். "மாமா, பிள்ளையார் சுழி போட்டிருக்கேன். பார்த்துட்டு ஆரம்பிங்க" என்றாள்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வண்டி தள்ளிய காலத்தில் நம் வீட்டம்மாக்கள் நாளைக்கு என்னென்ன காய் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். எனக்குப் படிக்க வராது. மண்டியில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வேன். சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றால் சிரிப்பார்கள் இல்லையா? அதனால் முதலில் பிள்ளையார் சுழியைத் தேடுவேன். அது மேலே இருந்தால் சீட்டு நேராக இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் காகிதத்தை வாங்கினாலும் அதைத் தேடாமல் என் கண் நிற்காது. இதை எப்போதோ நான் சொன்னது செல்விக்கு நினைவிருந்திருக்கிறது.

தேடினேன். மேலே இல்லை. வலது ஓரத்தில் இல்லை. "எங்கம்மா போட்டே?"

"போட்டிருக்கேன் மாமா. தேடுங்க."

பிள்ளையாரைப் பார்க்காமல் எப்படி ஆரம்பிப்பது? கழுத்தைத் திருப்பினேன். இன்னும் திருப்பினேன். பூனையின் மூக்கைத் தாண்டினேன், ஒரு கண் வந்தது, மீசை வந்தது, காது வந்தது. அதற்கு அப்பால் பிள்ளையார் சுழி. அங்கேயே நிற்கவில்லை. காகிதம் முடிந்தது, மேஜை வந்தது, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட், அதில் சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு தாடிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத் ஸ்ரீ அகால், மத்ராசி பாபா! ஆக்கிர் திக் கயா மே?" என்றார். வணக்கம், கடைசியில் என்னைப் பார்த்துவிட்டாயா என்று கேட்கிறார். அவர் வீட்டம்மா ஒரு பரோட்டாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தினமும் கொடுத்தார்கள். முள்ளங்கி பரோட்டா. மூலி நல்ல மூலி, இளசு.

தெரபி மேடம் சுழியைப் பார்த்து என்ன இது என்று கேட்டாள். செல்வி தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினாள். "லால் லைன் ஹோ யா கணேஷ்ஜி, காம் ஹோனா சாஹியே" என்றாள் அந்தப் பெண். எதுவானாலும் வேலை நடந்தால் சரியாம். பெட்டின் இடது கம்பியில், சுவரில், கதவில் எல்லாம் ஒட்டச் சொன்னாள். தட்டு விளிம்பிலும் போடு என்றதற்கு மட்டும் செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "எச்சில் தட்டுல சாமியா? அதெல்லாம் முடியாது." அதற்குப் பதிலாக ஊறுகாயை இடது ஓரத்தில் வைத்தாள். ஊறுகாயைக் கண்டுபிடித்தால்தான் குழம்பு ஊற்றுவாள். அன்றிலிருந்து தட்டைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள். நான் தேட வேண்டும் என்று காத்திருப்பாள். சாப்பாடு ஆறிப்போகும், அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். முருகேசனின் சர்க்கார் கார்டு இருந்ததால் மருந்துச் செலவு எங்களை முழுங்கவில்லை. அதற்கும் கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பூஜா தன் கலர்ப் புத்தகத்தோடு தயாராக இருந்தாள். சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கியது. முழுக்கப் பூனைக்குட்டிகள். நூல் உருண்டை உருட்டும் குட்டி, ஷூவுக்குள் உட்கார்ந்த குட்டி, தொப்பி போட்ட குட்டி. இடது பக்கத் தாள் எனக்கு, வலது பக்கத் தாள் அவளுக்கு. மேடம் சொன்ன ஏற்பாடு.

"தாத்தா, பில்லி பைங்கன் கலர்ல இருக்குமா?" கத்தரிக்காய்க் கலரில் பூனை உண்டா என்று கேட்கிறாள்.

"எங்க ஊர்ல இருக்கும்."

"ஜூட்! பொய் சொல்றீங்க. லைன் வெளில போகக் கூடாது, மிஸ் திட்டுவாங்க. தாத்தா, ஏக் கான் சூட் கயா!" ஒரு காது விட்டுப்போச்சு.

"எங்க?"

"தேடுங்கோ. நான் சொல்ல மாட்டேன். மம்மி திட்டும்."

சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு விளையாட்டு உண்டு. பூனைமேல் பசை தடவிப் பஞ்சு ஒட்டுவது. பஞ்சைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டும். என் இடது கை முதலில் காகிதத்தின்மேல் கல் மாதிரி கிடந்தது. பிறகு பஞ்சை அமுக்கிப் பிடிக்கப் பழகியது. பிறகு பிய்த்தது. துடைப்பக் குச்சியை ஒடித்து மீசை வைத்தோம். பூஜாவின் பூனைக்கு மீசை இரண்டு பக்கமும் இருந்தது. என் பூனைக்கு வலது பக்கம் ஆறு, இடது பக்கம் ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்து முருகேசன் ஆபீசிலிருந்து வந்த சட்டையோடு குந்தி உட்கார்ந்து, "ஒண்ணு வந்துடுச்சுப்பா" என்றான். சட்டென்று எழுந்து போய்விட்டான்.

ஹோலி முடிந்து வெயில் ஏறின பிறகு டாக்டரிடம் போனோம். பூனை கொடுத்தார். இரண்டு காதும் அடித்துக் கொடுத்தேன். வராந்தாவில் நடக்கவிட்டு, இடது பக்கம் என்னென்ன இருந்தது என்று கேட்டார். நாற்காலி, வாளி, ஓர் அம்மா என்றேன். இன்னொன்று விட்டுப்போயிற்று. பரவாயில்லை என்றார். குழந்தையை எப்போதும் வலது பக்கம் பிடித்துக்கொள், கொஞ்ச நாளைக்கு யாராவது கூட வரட்டும், தலையைத் திருப்ப மறக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

மறுபடி பூஜாவை நர்சரிக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். செல்வி எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நடந்து வந்தாள். நான் தடுமாறினால் ஓடி வருகிற தூரம். பிறகு அந்தத் தூரத்தைக் கூட்டினாள். ஒருநாள் குவார்ட்டர்ஸ் கேட்டிலேயே நின்றுகொண்டாள். "போய்ட்டு வாங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.

நானும் பூஜாவும் பெரிய ரோட்டு ஓரத்துக்கு வந்தோம். சாக்ஸை இழுத்துவிட என் வலது கையை விட்டாள். நான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது பக்கம் குனிந்தால் அவள் இல்லை. முன்னால் இல்லை. ரோட்டில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று. "பூஜா! ஏ பூஜா!" என்று அலறினேன். டெல்லியில் இத்தனை வருஷத்தில் நான் அப்படி அலறியதில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கழுத்தைத் திருப்பினேன். தாடை தோளில் முட்டும்வரை திருப்பினேன். அவள் என் இடது கை விரல்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிடித்திருப்பது கைக்குத் தெரியவில்லை.

"கித்னா சில்லாத்தே ஹோ, தாத்தா! நான் இங்கதானே இருக்கேன்." எவ்வளவு கத்துகிறேன் என்று கேட்கிறாள்.

"எப்ப வந்தே இந்தப் பக்கம்?"

"எப்பவோ. அந்தப் பக்கம் தூப் அடிக்குது." அவளுக்கு வெயில், நிழலுக்கு வந்துவிட்டாள்.

வலது பக்கம் வா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நெஞ்சு அடங்கும்வரை அப்படியே நின்றேன். வலது பக்கம் பார்த்தேன், ரோடு காலி. இடது பக்கம் திரும்பி, அவள் தலைக்கு மேலாக ரொம்ப தூரம் பார்த்தேன்.

"தாத்தா, ஸ்கூட்டர்!" என்றாள்.

"பார்த்துட்டேன்" என்றேன். நிஜமாகவே பார்த்திருந்தேன். நீலக் கலர் ஸ்கூட்டர், பின்னால் ஒரு சிலிண்டர் கட்டியிருந்தது. அது எங்களைத் தாண்டிப் போனதும் நாங்கள் ரோட்டைத் தாண்டினோம்.